வெள்ளிவிழாக் கிட்னி

கிட்னி இருக்க வேண்டிய இடம் முதுகுப் பக்கம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். கிளட்ச் வாத்தியாருக்கு அது முன்பக்கம், அடிவயிற்றின் வலது ஓரத்தில், பெல்ட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. அது அவருடையதும் அல்ல, அவருடைய அக்காவுடையது. சொந்தமாக இருந்த இரண்டும் இளம் வயதிலேயே சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டன. பெண் பார்க்கப் போகவேண்டிய காலத்தில் கிட்னி கெட்டது; கிட்னி சரியான காலத்தில் வயது கெட்டது; ஆகவே கல்யாணம் இல்லை. அக்கா வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சாலையில் எது குறுக்கே வந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் ஒரே சொல் 'கிளட்ச்' என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு வேறு பெயர். அங்கே அவர் 'வெள்ளிவிழா'. அந்த ஆஸ்பத்திரி பொருத்திய கிட்னிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவற்றுள் மூத்தது அவர் வயிற்றில் இருப்பதுதான். வாசலில் நுழைந்ததும் ஒரு கண்ணாடிப் பலகை. அதில் விளக்கு வைத்த எழுத்தில் 'எங்கள் மூத்த சிறுநீரகம்: 24 ஆண்டுகள்' என்று மின்னும். அது யாருடைய வயிற்றில் இருக்கிறது, யார் கொடுத்தது என்பதெல்லாம் பலகையில் கிடையாது. இடம் போதவில்லை என்று சொன்னார்கள்.

அவர் போகவேண்டிய இடத்தின் பெயர் 'மாற்றுச் சிறுநீரக நீடித்த வாழ்வுப் பிரிவு'. பிரிவின் தலைவர் அறைக்குள் வந்ததும் முதலில் வயிற்றைப் பார்த்துக் குனிந்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். வாத்தியார், "நல்லா இருக்கேன் சார்" என்று பதில் சொன்னால், யாரோ குறுக்கே பேசிவிட்டாற்போல நிமிர்ந்து பார்ப்பார். பின்னாலேயே மாணவர்கள் வரிசையாக வந்து தொட்டுப் பார்ப்பார்கள். வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் வந்தால் அவர்களும் தொட்டுப் பார்ப்பார்கள். ஒருவர் குளிர்ந்த கையோடு வந்துவிட்டு மன்னிப்புக் கேட்டார், அதையும் வயிற்றிடம்தான் கேட்டார். ஆரம்பத்தில் வாத்தியாருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு, பெரிய மனிதர் வீட்டுக் கார் டிரைவருக்கு வரும் மரியாதை போல இது என்று எடுத்துக்கொண்டார்.

இருபத்தைந்தாவது ஆண்டு நெருங்கியது. விழா மலருக்கு ஒரு வாசகம் வேண்டும் என்று தலைவர் யோசித்து, 'குறைந்த மருந்து, நிறைந்த வாழ்வு' என்று கண்டுபிடித்தார். வாசகம் அமைந்துவிட்டது, அதற்குப் பொருத்தமாக ஒரு நோயாளி தேவைப்பட்டார். உடம்பு ஒரு சந்தேகப் பிராணி. வெளியிலிருந்து வந்த கிட்னியை எத்தனை வருஷம் ஆனாலும் வேற்றாள் என்றே நினைக்கும். அது கை ஓங்காமல் இருக்கத்தான் காலையும் மாலையும் மாத்திரை. அந்த மாத்திரையில் பாதியைத் தலைவர் மருந்துச் சீட்டிலிருந்து அடித்துவிட்டார்.

"குறைச்சா ஒண்ணும் ஆகாதா சார்?" என்று வாத்தியார் கேட்டார்.

"இத்தனை வருஷம் ஒண்ணா குடித்தனம் பண்ணினவங்களுக்குள்ள இனிமே என்ன சண்டை வரப்போகுது?"

தலைவருக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் என்று கேட்க வாத்தியாருக்கு நா வரை வந்தது. மரியாதைக்காக விழுங்கிக்கொண்டார்.

சில மாதம் போனது. காலையில் எழுந்தால் கால் கனத்தது. சிறுநீர் குறைந்தது, வந்த கொஞ்சமும் சோப்புத் தண்ணீர் போல நுரைத்தது. அந்தப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் இருந்தார். வயிற்றைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசும் பெண். புதிதாக வந்தவர் என்பதால் பழக்கம் பிடிபடவில்லை என்று மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும் அவர் கதவைச் சாத்தினார்.

"கிரியாட்டினின் ஏறியிருக்கு. கிட்னி சரியா வடிகட்டலை, கழிவு ரத்தத்துலயே தங்குது. உடம்பு கிட்னியை எதிர்க்க ஆரம்பிச்சிருக்குன்னு நினைக்கிறேன். ஊசியால ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பாத்தா தெரிஞ்சுடும். இப்பவே பிடிச்சா மருந்துல அடக்கிடலாம். விட்டா உள்ளே தழும்பாயிடும். தழும்பானது திரும்பாது."

"விட்டான்னா எத்தனை நாளைக்கு?"

"விழா வரைக்கும் விட முடியாது."

 கிட்னி இல்லாமல் டயாலிசிஸ் மிஷினோடு கிடந்த பழைய காலம் வாத்தியாருக்கு மறக்கவில்லை. வாரத்துக்கு மூன்று முறை ரத்தம் முழுவதும் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார், தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் வந்த தாகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. குழாயைத் திறந்து தண்ணீர் விழுவதைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார். அதையும்விட, அக்கா தன் உடம்பை அறுத்துக் கொடுத்ததை நாம் கோட்டைவிட்டுவிட்டோமே என்ற நினைப்புத்தான் அவரை அதிகம் வாட்டியது. அக்காவிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தலைவரிடம் போனார். தலைவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இந்தக் கட்டடத்துல ரெண்டு பிரிவு இருக்கு. இது நீடித்த வாழ்வுப் பிரிவு. இங்க ஓடுற கிட்னி மட்டும்தான். கீழ்த்தளத்துல இருக்கிறது நின்னுபோன கிட்னிகளுக்கான பிரிவு. சதை எடுக்கிற அறை அங்கதான் இருக்கு. நின்னுபோச்சுன்னு நான் எழுதிக் குடுத்தாத்தான் என் நோயாளியை அங்க சேர்த்துக்குவாங்க. ஓடிக்கிட்டிருக்கிற கிட்னியை நின்னுபோச்சுன்னு நான் எப்படி எழுதறது? நான் பொய் எழுதற ஆள் இல்ல."

"நின்னுபோகலை சார். நின்னுடுமோன்னு சந்தேகம்."

"சந்தேகத்துக்கு இங்க பிரிவு இல்ல" என்றார் தலைவர். "நின்னதுக்கு அப்புறம் வாங்க, உடனே பாத்துடுவாங்க. அங்க நல்ல வசதி. இல்ல, விழா முடியட்டும். அப்புறம் நிம்மதியா உக்காந்து சந்தேகப்படலாம். உங்களுக்கு மனசு கேக்கலைன்னா நம்ம புள்ளிவிவர அதிகாரியைப் போய்ப் பாருங்க. அவர்கிட்ட பேசினா எல்லாருக்கும் பாரம் இறங்கும்."

புள்ளிவிவர அதிகாரியின் அறை சின்னது, சுத்தமானது. ஜன்னலில் மூன்று தொட்டிச் செடி. அவர் எழுந்து நின்று வரவேற்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பிஸ்கட் தட்டை நகர்த்தினார். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். யாரையும் நினைக்கிற வழக்கமே அவருக்கு இல்லை. சுவரில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போனது. அந்தக் கோட்டின் உச்சியைப் பென்சிலால் தொட்டு, "இது நீங்க" என்றார்.

"இந்தக் கோடு இறங்குமா சார்?"

"அதுதான் பயமா? விளக்கமா சொல்றேன். கிட்னி நின்னுபோய் நீங்க உயிரோட இருந்தீங்கன்னா, அது எங்களுக்குத் தோல்வி. கோடு இறங்கும். ஆனா கிட்னி ஓடிக்கிட்டு இருக்கும்போதே நீங்க போயிட்டீங்கன்னு வைங்க, அது தோல்வி இல்ல. கிட்னி கடைசி வரைக்கும் ஒழுங்கா வேலை செஞ்சுதுன்னு அர்த்தம். நீங்கதான் நடுவுல விலகிட்டீங்க."

"விலகறதுன்னா, சாகறது."

"நாங்க விலகல்னு சொல்லுவோம். அதுல எங்களுக்கு வருத்தமே கிடையாது." அவர் ஒரு கணம் யோசித்துத் தன்னைத் திருத்திக்கொண்டார். "வருத்தம் உண்டு. பாதிப்பு கிடையாது."

வாத்தியார் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப உங்க கோட்டுக்கு, நான் என்ன பண்ணினா நல்லது?"

"சேச்சே, அதையெல்லாம் நோயாளிகிட்ட நாங்க சொல்றதில்ல. நெறிமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல? பிஸ்கட் எடுத்துக்குங்க. உப்பில்லாதது."

வாத்தியார் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அன்றைக்கு ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் வழக்கத்தைவிட அதிகமாகப் பார்த்துக்கொண்டார்.

இதற்குள் விழா வேலை மும்முரமாகிவிட்டது. அதற்கென்று ஒரு விழா அதிகாரியை நியமித்திருந்தார்கள். ஒத்திகைக்கு வந்த வாத்தியாரின் காலில் செருப்பு பாதிதான் நுழைந்திருந்தது. "கால் வீங்கியிருக்கு" என்று வாத்தியார் சொன்னதும் அதிகாரி பதறிப்போனார். உடனே குனிந்து அளவெடுத்து, மறுநாளே இரண்டு சைஸ் பெரிய கறுப்பு ஷூ ஒரு ஜோடி வரவழைத்துவிட்டார். புகார் செய்த மறுநாளே தீர்வு கிடைத்தது அந்த ஆஸ்பத்திரியில் அதுதான் முதல் தடவை. போட்டோ எடுக்க வந்தவரோ, "போன வருஷம் கன்னமெல்லாம் ஒட்டிப்போய் இருந்தீங்க. இப்ப பூசினாப்பல நல்லா இருக்கீங்க" என்று மெச்சிக்கொண்டார். கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தில் விளக்கு வெளிச்சம் அழகாக விழுந்ததாம்.

மேடையில் நடு நாற்காலியில் வாத்தியார் உட்கார வேண்டும். சட்டையில் அடிவயிற்றுக்கு நேராக ஒரு சதுரம் வெட்டி, அதன்மேல் நீலப் பட்டில் சின்னத் திரை தைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்ததும் திரை விலகும், தழும்பு தெரியும், கைதட்டல். பொருட்காட்சியைத் திறந்துவைப்பதற்குக்கூட இவ்வளவு ஜோடனை யாரும் பண்ணியதில்லை. தலைவர் தன் உரையை வாசித்துப் பார்த்தார். "இந்தச் சிறுநீரகம் தன்னைச் சுமப்பவரின் பலவீனங்களையெல்லாம் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டு..."

"எங்க அக்காவுக்கு அழைப்பு குடுத்திருக்கீங்களா?" என்று வாத்தியார் விழா அதிகாரியைக் கேட்டார்.

"எந்த அக்கா?"

"கிட்னி குடுத்தவங்க."

"ஓ, கொடையாளரா? அவங்களை அழைச்சா எல்லாருடைய கவனமும் சிதறிடும். விழா கிட்னிக்குத்தானே?"

அந்தப் பெரிய ஷூ மாடிப்படியில் அக்காவின் கண்ணில் பட்டுவிட்டது. அக்கா ரயில்வேயில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து ரிட்டயரானவள். கண் கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. ஷூவைத் தூக்கிப் பார்த்தாள். நேராக மேலே வந்து, தம்பியின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"இது எத்தனை நாளா?"

 வாத்தியார் மாத்திரையிலிருந்து பிஸ்கட் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "நீ குடுத்ததைக் கெடுத்துட்டேன்கா. உன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான் சொல்லலை."

"வாயை மூடு. குடுத்த அன்னிக்கே அது உன்னோடது. கெட்டுப்போகாம இருக்குமா இருக்காதான்னு எனக்கு அவங்க எழுதியா குடுத்தாங்க? நீ இருக்கணும்னு குடுத்தேன், நீ இருக்கே, அது போதும் எனக்கு. மறைச்சே பாரு, அதுக்குத்தான் உன்னை நாலு சாத்து சாத்தணும்." ஷூவைத் தம்பியின் காலடியில் வைத்தாள்.  "நான் காலமெல்லாம் கவுன்ட்டருக்கு உள்ளே உக்காந்தவ. முடியாதுன்னு சொல்றவன்கிட்ட மல்லுக்கு நிக்கக் கூடாது. எந்த ஜன்னலுக்கு ஆளே வரலையோ அந்த ஜன்னலாப் பாத்துப் போகணும். கிளம்பு."

ஆள் வராத ஜன்னல் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக் கோடியில் இருந்தது. 'கொடையாளர் நலப் பிரிவு.' கிட்னி கொடுத்தவர்களைக் கவனிக்கவும் ஓரிடம் இருக்க வேண்டும் என்று எப்போதோ மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததால் திறந்தார்கள். திறந்ததைக் கொடையாளர்களுக்குச் சொல்லும்படி உத்தரவில் இல்லை. நான்கு கட்டில், யாரும் படுக்காத விரிப்பு, ஒரு மூத்த நர்ஸ். ஆள் வராவிட்டால் வருஷக் கடைசியில் பிரிவை மூடிவிடுவதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். அக்கா உள்ளே நுழைந்ததைப் பார்த்து அவர், வழி தவறி வந்தவர்களுக்குக் காட்டும் திசையில் கையை நீட்டினார்.

"நான் கிட்னி குடுத்தவ" என்றாள் அக்கா.

நர்ஸ் எழுந்து நின்றார். நின்றபிறகு என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"சுவத்துல எழுதியிருக்கீங்களே, அது விதியா, சும்மா அலங்காரமா?"

சுவரில் பெரிய எழுத்தில் இருந்தது: 'கொடையாளரின் இரண்டு சிறுநீரகங்களும் ஆயுள் முழுவதும் இங்கே கண்காணிக்கப்படும்.'

நர்ஸுக்கு வெட்கமாகிவிட்டது. "விதிதான்மா. உத்தரவுல அப்படியேதான் இருக்கு. குடுத்தவங்ககிட்ட ஒண்ணுதானே இருக்கும்னு எழுதினவங்களுக்குத் தோணலை. திருத்தறதுக்கு, படிக்க ஒருத்தராவது வரணுமே."

"திருத்தாதீங்க. சரியாத்தான் எழுதியிருக்காங்க. எனக்கு ரெண்டு கிட்னி. ஒண்ணு என்கிட்டயே இருக்கு, நல்லா இருக்கு. இன்னொண்ணுலதான் கோளாறு. கையோட கூட்டிட்டு வந்திருக்கேன்." தம்பியைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

நர்ஸ் சுவரைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார், காலிக் கட்டில்களைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. இளம் டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். டாக்டர் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிறகு எழுதினார்கள். நோயாளி: அக்கா. உடன் வந்தவர்: தம்பி. கோளாறான உறுப்பு: நோயாளியின் இடது சிறுநீரகம். தற்போது உள்ள இடம்: உடன் வந்தவர்.

கீழ்த்தளத்தில் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. நின்றுபோனதற்கான சான்று நீடித்த வாழ்வுப் பிரிவின் நோயாளிகளுக்குத்தான் வேண்டும். கொடையாளரின் கிட்னிக்கு அப்படி ஒரு தடை போடவேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. மணிக்கட்டில் அடையாளப் பட்டை அக்காவுக்குக் கட்டினார்கள். ஊசியைத் தம்பிக்குப் போட்டார்கள். டாக்டர் நினைத்தது சரியாக இருந்தது. உடம்பு கை ஓங்கிவிட்டது. கிட்னியில் ஒரு பகுதி தழும்பாகிவிட்டது, மீதி இன்னும் பிழைத்துக்கிடந்தது.

"போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்திடலாம்" என்று டாக்டர் சொன்னார். "வெட்டின மாத்திரையைத் திரும்பச் சேக்கறேன். அதோட ட்ரிப்புல மருந்து ஏத்தணும். சிறுநீர் நல்லா இறங்க ஆரம்பிச்சா, வழிக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம்."

அதற்கப்புறம் அந்த வார்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. நர்ஸ் அக்காவுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத் தம்பிக்கு மருந்து ஏற்றுவார். உப்பில்லாத சாப்பாடு அக்கா பெயரில் வரும், தம்பி சாப்பிடுவார். கட்டிலில் தம்பி படுத்திருப்பார், நோயாளி பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பாள். வாத்தியார் மட்டும் வந்ததிலிருந்து கண்ணாடிக் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறுநீரை அளக்கும் அந்தக் குடுவையின் அடிப்பகுதிகூட நனைந்தும் நனையாமலும் இருந்தது.

விழா நாளன்று காலை தலைவர் மூச்சிரைக்க மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தார். கோட்டில் பூ குத்தியிருந்தார். பின்னால் விழா அதிகாரி, கையில் திரை தைத்த சட்டை; வாத்தியார் போட்டுவந்த பெரிய ஷூ கட்டிலடியில் கிடந்தது.

"இவர் எங்க நோயாளி. கீழே சிறப்பு விருந்தினர் வந்தாச்சு" என்றார் தலைவர்.

"இங்க அவர் நோயாளி இல்ல சார், துணைக்கு வந்தவர்" என்றார் நர்ஸ். "துணைக்கு வந்தவர் வெளியே போகணும்னா நோயாளி சம்மதிக்கணும். அதுவும் விதிதான்."

நோயாளி பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தலைவர் அவளிடம் போய்க் குனிந்தார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அம்மா, ஒரு அரை மணி நேரம் அனுப்பிவைங்க. அது இல்லாம விழா எப்படி நடக்கும்?"

"கிட்னியை மட்டும் அனுப்பறதுன்னா அனுப்பிடுவேன். அனுப்பி எனக்குப் பழக்கம் உண்டு" என்றாள் அக்கா. "இப்ப அதுக்கு மருந்து ஏறிக்கிட்டிருக்கு."

தலைவரின் முகம் வெளுத்தது. "மருந்தா? எதுக்கு? யார் பேர்ல?"

"என் பேர்ல. என் இடது கிட்னிக்கு உடம்பு சரியில்ல."

தலைவர் யோசித்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப எங்க மூத்த சிறுநீரகத்துக்கு ஒண்ணும் இல்லையே?"

"உங்களோடதுக்கு என்ன வந்தது? அது பலகையில பத்திரமா இருக்கு. கோளாறெல்லாம் என்னோடதுக்குத்தான்."

தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கி, சீக்கிரம் குணமாக வேண்டும் என்று மனமார வாழ்த்தினார். ஷூவை எடுத்துக்கொள்ளும்படி விழா அதிகாரிக்குச் சைகை காட்டிவிட்டுப் படியிறங்கினார்.

விழா குறித்தபடி நடந்தது. நடு நாற்காலியில் பளபளவென்று துடைத்த ஷூவை வைத்து, மேலே நீலத் திரையைப் போட்டிருப்பதாகக் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்த நர்ஸ் சொன்னார். ஒவ்வொரு வார்டிலும் மேற்கூரையில் ஒலிபெருக்கி இருந்ததால் தலைவரின் உரையிலிருந்து யாராலும் தப்பிக்க முடியவில்லை. "இந்தச் சிறுநீரகம் இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எங்கள் பதிவேட்டில் இருந்திருக்கும். பதிவேட்டில் இல்லை. ஆகவே குறை இல்லை. நோயாளிகள் வருவார்கள், விலகுவார்கள். நாம் சாதனையைத் தளரவிடக் கூடாது."

"அக்கா, பாத்ரூம் வர்ற மாதிரி இருக்கு" என்றார் வாத்தியார்.

நர்ஸ் கட்டிலைச் சுற்றி மறைப்பை இழுத்துவிட்டு, குடுவையை உள்ளே கொடுத்தார். அக்கா ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். மறைப்புக்கு உள்ளே கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சொட்டுச் சொட்டாகக் கேட்டது. பிறகு நிற்காமல், கண்ணாடியில் விழுந்துகொண்டே இருந்தது. அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் தானாக வழிந்தது, அதை அவள் துடைக்கவில்லை.

"அக்கா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.  "முக்கால்வாசி நிறைஞ்சுடுச்சுக்கா. இன்னும் வருது."

அந்த நேரத்தில் கீழே யாரோ கயிற்றை இழுத்திருக்க வேண்டும். ஒலிபெருக்கி அதிரக் கைதட்டல் கேட்டது. நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை. கூட்டம் எழுந்து நின்று தட்டிக்கொண்டே இருந்தது.

"தட்டட்டும், நல்லா தட்டட்டும்" என்றாள் அக்கா. "இன்னிக்காவது சரியான விஷயத்துக்குத் தட்டறாங்க."

நர்ஸ் குடுவையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அளவைப் பார்த்தார். விதிப்படி அதை அக்காவின் பெயருக்கு நேராக எழுதிக்கொண்டார்.